ஓட்டுநரும் ஏறிவிட்டார்

வேன் அக்காவுக்கு எதையும் சத்தமாகச் சொல்லாமல் இருக்கத் தெரியாது. காலையில் எங்கள் வீட்டு வாசலில் வேன் வந்து நிற்பதற்கு முன்பே அவருடைய குரல் சன்னல் வழியாக வந்து சேர்ந்துவிடும்.

"வணக்கம். காலைச் செய்திகள். திகாம் பத்துவில் லேசான தூறல். யாழினி வாசலில் நிற்கிறார். ஒரு காலில் மட்டும் சப்பாத்து இருக்கிறது. இன்னொரு சப்பாத்தைப் பற்றிய தகவல் இதுவரை கிடைக்கவில்லை."

நான் அந்த இன்னொரு சப்பாத்தோடு உள்ளிருந்து ஓடி வருவேன்.

"சற்றுமுன் கிடைத்த செய்தி. சப்பாத்து கிடைத்துவிட்டது. யாழினியின் அம்மா இன்னும் தலை சீவவில்லை."

வேனுக்குள் பிள்ளைகள் சிரிப்பார்கள். என் மகளும் சிரித்துக்கொண்டே ஏறுவாள். அவள் அப்போது பள்ளியில் முதலாம் ஆண்டு. காலையோ மதியமோ, கதவைச் சாத்தியதும் அக்கா உள்ளே இருப்பவர்களின் பெயர்களை வாசிப்பார். "கவின் ஏறிவிட்டார். திவ்யா ஏறிவிட்டார். யாழினி ஏறிவிட்டார்." கடைசியில் தன் இருக்கை வாரை இழுத்து மாட்டிக்கொண்டு, "ஓட்டுநரும் ஏறிவிட்டார். வண்டி புறப்படுகிறது" என்பார். அதற்குப் பிறகுதான் வேன் நகரும்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். ஆனால் என் கைப்பேசியில் 'வேன் அக்கா' என்றுதான் இருந்தது, இன்னும் அப்படியேதான் இருக்கிறது. கணவரின் வேலை மாற்றலால் நாங்கள் திகாம் பத்துவை விட்டுப் பண்டார் பாருவுக்கு வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. அந்த எண்ணை அழிக்கலாமா என்று சில சமயம் நினைப்பேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிடுவேன்.

செய்தி வாசிக்க ஆரம்பித்ததற்குக் காரணம் வேனில் இருந்த வானொலிப் பெட்டிதான் என்று அக்கா சொல்வார். ஜப்பானில் யாரோ ஓட்டிப் பழசான பிறகு இங்கே வந்த வேன் அது. கூடவே வந்த பெட்டி அலைவரிசையில் தொண்ணூறோடு நின்றுவிடும். அந்த ஊருக்கு அது போதுமாம். நம் தமிழ் வானொலி அதற்கு மேலே எங்கேயோ இருந்தது. அக்காவுக்குக் கிடைத்ததெல்லாம் ஒரு மலாய் நிலையத்தின் பாதியும் மீதி இரைச்சலும்தான். சாவியைத் திருப்பினால் மட்டும் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் ஜப்பானிய மொழியில் பணிவாக ஏதோ சொல்வாள். அக்கா தினமும் அவளுக்குப் பதில் சொல்வார்.

"சரிம்மா, சரிம்மா. ஒனக்கும் என்னயப் புரியல, எனக்கும் ஒன்னயப் புரியல. வா, போவோம்."

வானொலி இல்லாததால்தான் பேசுகிறார் என்பதை நான் முழுதாக நம்பவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ரப்பர் தோட்டத்துக் கோயில் திருவிழாக்களில் மைக் பிடித்தவர் அவர். கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகளை அவரிடம்தான் கொண்டுபோய் விடுவார்களாம். "சிவப்புச் சட்டை போட்ட பையன், பேரு கேட்டா வீட்டுல கூப்புடற 'பாய்' மட்டும் சொல்றான், பெத்தவங்க உடனே வரவும்" என்று அறிவித்ததைத் தோட்டத்து ஆட்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். ஒரு தடவை தேர் வடத்தில் தன் கையே சிக்கிக்கொண்டதையும் மைக்கை விடாமல் அறிவித்தாராம்.

கெட்ட செய்தியானாலும் அப்படித்தான். வேனின் பிரேக்கில் சத்தம் கேட்டால் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு முதலில் வருவது அவருடைய குரல் பதிவுதான். "பிரேக் கத்துது. சாயங்காலம் வொர்க்ஷாப்புக்குப் போகும். நாளைக்குக் காலையில வண்டி லேட்டு." அதைக் கேட்டுவிட்டு நான் அன்று முழுவதும் அலுவலகத்தில் பிரேக்கைப் பற்றியே யோசித்துக்கொண்டிருப்பேன். சொல்லாமல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேனா, சொன்னது நல்லதா என்று என்னால் தீர்மானிக்க முடிந்ததே இல்லை.

என்னைச் சங்கடப்படுத்தியது வேறொன்று. எங்கள் வீட்டுக்குள் நடப்பதும் செய்தியாகிவிடும். ஒரு நாள் யாழினி வேனில் போய், அம்மாவும் அப்பாவும் பேசிக்கொள்வதில்லை என்று சொல்லியிருக்கிறாள். நேரடியாகச் சொன்னால் மரியாதை இல்லை என்று நினைத்தாரோ என்னவோ, அக்கா அதை வானிலை அறிக்கையில் சேர்த்துவிட்டார். "யாழினி வீட்டின் மேல் கருமேகம். இரண்டொரு நாளில் கலையும்." அன்று மாலை கவினின் அம்மா கடையில் என்னைப் பார்த்து, "என்ன சிஸ், மேகம் கலஞ்சிருச்சா?" என்றார். கையிலிருந்த கீரைக்கட்டோடு நான் வேறு வரிசைக்குப் போய்விட்டேன்.

அதனால் அக்கா ஒரு நாள் வேனை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, புது வானொலி போட வேண்டும் என்று சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

அவருடைய தங்கச்சி மகன் லண்டனில் வேலை செய்கிறான். கார் ஓட்டிக்கொண்டே ஒரு காணொளி அனுப்பியிருந்தான். டிஜிட்டல் வானொலி. இரைச்சலே இல்லை. பாடுகிறவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

"நீங்க படிச்சவங்க. ஆர்டர் போட்டுக் குடுங்க, யாழினி அம்மா. அந்த ஜப்பான்காரிய எடுத்துட்டு இதப் போட்டுருவோம்."

"இப்பவே நல்லாத்தானே போகுதுக்கா" என்றேன், கேட்க வேண்டுமே என்று.

அக்கா வேனைத் திரும்பிப் பார்த்தார். பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு அது காலியாக நின்றது.

"தெனமும் நானே பேசி நானே கேக்கறேன். வீட்டுலயும் அப்படித்தான். ஒரு தடவயாச்சும் வேற யாராவது பேசட்டுமே."

அவருடைய கணவர் இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது, பிள்ளைகள் இல்லை என்பதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். ஆனால் தன் தனிமையை அவர் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதையும் அவர் சத்தமாகச் சொல்லவில்லை.

நான் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. பல பக்கங்களைப் படித்து, வாங்கியவர்களின் கருத்துகளைப் பார்த்து, பழைய வேனுக்கும் பொருந்துமா என்று விற்பவரிடம் கேட்டு, கண்ணாடியில் ஒட்டும் ஏரியலோடு சேர்ந்த ஒரு டிஜிட்டல் பெட்டியை வரவழைத்தேன். ஒரு சனிக்கிழமை அக்காவும் நானும் சுங்கைப்பட்டாணியில் ஒரு கார் ஆக்சசரி கடைக்குப் போனோம். யாழினி வேனின் பின்னிருக்கையில் இருந்தாள். கடை முதலாளியான சீனத் தவுக்கே பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மின்கம்பியை இணைத்து, ஏரியலை ஒட்டி, தேடச் சொன்னார். பெட்டி தேடியது. மறுபடி தேடியது. திரையில் பூஜ்யம்தான் வந்தது.

"சினி தாக் அடா லா, காக்கா" என்றார் தவுக்கே. விரலை வானத்தை நோக்கி நீட்டினார். "அத்தாஸ் தாக் அடா, பாவா மானா போலே டெங்கார்?"

இங்கே அது இல்லையாம், அக்கா; மேலே இல்லாதது கீழே எப்படிக் கேட்கும் என்கிறார். டிஜிட்டல் முறையில் வானொலியை அனுப்பும் ஊர்களுக்குத்தான் அந்தப் பெட்டி. எங்கள் பக்கத்தில் காற்றில் வருவது பழைய வானொலிதான். டிஜிட்டலாக வேண்டுமென்றால் இணையம் வழியாகத்தான் கேட்க வேண்டும். இத்தனை பக்கங்கள் படித்த நான், நம் ஊரில் அது இருக்கிறதா என்று மட்டும் பார்க்கவில்லை.

அக்கா தொண்டையைச் செருமினார். "முக்கியச் செய்தி. சீமையிலிருந்து வந்த பெட்டி சுங்கைப்பட்டாணியில் ஊமையாகிவிட்டது. அதை வரவழைத்தவர்…"

என் முகத்தைப் பார்த்தார். அந்தச் செய்தியை அவர் முடிக்கவில்லை.

"விடுங்கம்மா. படிச்சவங்கன்னா ஆகாசத்துல என்னா ஓடுதுன்னு தெரிஞ்சிருக்கணுமா?" என்றவர், தவுக்கே பக்கம் திரும்பி வேறு என்ன வழி என்று மலாயில் கேட்க ஆரம்பித்தார்.

வழி இருந்தது. அகலமான திரையோடு ஆண்ட்ராய்டு பிளேயர், அதற்குள் ஒரு சிம் கார்டு. இணையத்தில் வரும் எந்த வானொலியும் கேட்கும், மதுரையில் ஒலிபரப்பாவதுகூட. தவுக்கே முகப்புப் பலகையைக் கழற்றி ஜப்பான்காரியை வெளியே எடுத்தபோது அக்கா அவளை மடியில் வாங்கி வைத்துக்கொண்டார். புதுத் திரையில் தமிழ்ப் பாட்டு வந்ததும் யாழினி இருக்கையில் ஏறிக் குதித்தாள்.  அக்கா வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பதை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு காலைகள் அமைதியாகிவிட்டன. வேன் வரும், அறிவிப்பாளர் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருப்பார், அக்கா என்னைப் பார்த்துத் தலையாட்டுவார், யாழினி ஏறுவாள், வேன் போகும். என் தலைமுடியைப் பற்றி யாரும் எதுவும் சொல்வதில்லை. எனக்கு இது பிடித்திருந்தது என்றுதான் எழுத வேண்டும். ஆனால் முன்பெல்லாம் மாலையில் யாழினியிடம், இன்று வேனில் யார் வரவில்லை என்று கேட்டால் உடனே சொல்வாள். இப்போது தெரியாது என்றாள். ஏதோ இடறியது. எனக்கு எல்லாவற்றிலும்தான் இடறும் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பள்ளியிலிருந்து திரும்பும் வழியில் செம்பனைக் காட்டு ரோடு ஒன்று வரும். நடுவில் முனியாண்டி கோயில். அந்த இடத்தில் கைப்பேசிக்கு லைன் கிடைக்காது, அதனால் புது வானொலியும் நின்றுவிடும். பழைய பெட்டி போல இரைச்சல்கூட வராது. திரையில் ஒரு வட்டம் சுற்றும், அவ்வளவுதான். "முனி லைன புடுங்கிட்டாரு!" என்று பிள்ளைகள் கத்துவார்கள். கோயிலைக் கடக்கிற எந்த வண்டியையும் போல அக்கா ஒரு ஹாரன் அடித்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்று ஆரம்பித்து, லைன் திரும்பும்வரை எதையாவது வாசிப்பாராம். பழைய அக்கா அந்தச் சிறிய தூரத்தில் மட்டும் மிச்சமிருந்தார்.

அன்று பள்ளி விடும் நேரத்தில் நல்ல மழை. வானொலியில் பிள்ளைகளுக்குப் பிடித்த பாட்டு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. எல்லாரும் நனைந்துகொண்டே ஏறி, கூடவே பாடியிருக்கிறார்கள். தண்ணீர்ப் போத்தலை மறந்துவிட்ட யாழினி வகுப்பறைக்குத் திரும்பி ஓடியிருக்கிறாள். வேன் புறப்பட்டுவிட்டது.

முனியாண்டி கோயிலருகே பாட்டு நின்றது. பிள்ளைகள் கத்தினார்கள். அக்கா ஹாரன் அடித்து, தடங்கலுக்கு வருந்தி, வேறு செய்தி எதுவும் தோன்றாததால் பெயர்களை வாசிக்க ஆரம்பித்தார். கவின் இருக்கேன் என்றான். திவ்யா இருக்கேன் என்றாள். யாழினி என்றதும் பதில் வரவில்லை.

வேனைத் திருப்ப அந்த ரோட்டில் இடம் கிடையாது. கோயில் வாசலில் ஏற்றித்தான் திருப்பியிருக்கிறார். லைன் கிடைத்ததும் வேனை ஓரமாக நிறுத்திவிட்டு எனக்குத்தான் அழைத்தார். நான் அலுவலகத்தில் இருந்தேன்.

"யாழினி அம்மா, மொதல்ல கெட்டதச் சொல்லிடறேன். புள்ள வண்டில இல்ல. ஸ்கூல்லயே விட்டுட்டு வந்துட்டேன். தப்பு எம்மேலதான். திரும்பிப் போய்க்கிட்டிருக்கேன். ஸ்கூலுக்கும் இப்பப் போடறேன். நீங்களும் போட்டுக்கிட்டே வாங்க."

அந்தப் பயணத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. எந்த விளக்கில் நின்றேன், எதில் நிற்கவில்லை என்பது எனக்கு நினைவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது யாழினி பள்ளி சிற்றுண்டிச்சாலையில், பாதுகாவலர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் அக்கா தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். புடவை முழுக்க நனைந்திருந்தது. அவருக்குப் பின்னால் வேன் பிள்ளைகள் எல்லாரும் ஒருவர் பையை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். ஒருவரைக்கூட வேனில் விட்டுவிட்டு வர அவருக்கு மனமில்லை போலும்.

நான் மகளைத் தூக்கிக்கொண்டேன். ஏன் வேனுக்கு வரவில்லை என்று கேட்டேன். 

"ஆண்டி எம்பேர வாசிக்கலம்மா" என்றாள். "முன்ன மாதிரி வாசிச்சா ஓடி வரலாம்னு இருந்தேன்."



மாலைக்குள் குழுவில் அவருடைய குரல் பதிவு வந்துவிட்டது. "இன்னிக்கு யாழினிய ஸ்கூல்ல விட்டுட்டு வந்துட்டேன். ரேடியோ பாடிக்கிட்டிருந்துச்சு, பேர் வாசிக்கல. முனி கோயிலுக்கிட்ட லைன் போனதுனாலதான் தெரிஞ்சிச்சு. புள்ளைக்கு ஒன்னும் ஆகல. வண்டிய நிறுத்தறவங்க நிறுத்திக்கலாம், நான் ஒன்னும் நெனச்சிக்கமாட்டேன்." யாரும் கேட்பதற்கு முன்பே, யாருக்கும் தெரிவதற்கு முன்பே அனுப்பிவிட்டார். கவினின் அம்மா அன்றே மகனை வேனிலிருந்து நிறுத்திவிட்டார். வேறு சிலரும் நிறுத்தினார்கள்.

என் கணவர் அதைக் கேட்டுவிட்டுக் கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார். "வேற வேன் பாரு."

"மொதல்ல எனக்குத்தாங்க போன் பண்ணாங்க. புள்ளயப் போய்க் கூட்டிக்கிட்டு வந்து ஒன்னுமே சொல்லாம வீட்டுல விட்டிருக்கலாம். நமக்குத் தெரிஞ்சிருக்காது."

"சொல்லிட்டா சரியாப் போச்சா?"

 சரியாகப் போகவில்லைதான். ஆனால் வேறு வேன்களை விசாரித்தபோது எல்லா ஓட்டுநர்களும் ஒரே மாதிரி, "எங்க வண்டில அப்படி எதுவும் நடந்ததே இல்ல" என்றார்கள். நடந்திருந்தால் இவர்கள் என்னிடம் சொல்லியிருப்பார்களா என்றுதான் எனக்குத் தோன்றியது. சில நாட்கள் நானே யாழினியைக் கொண்டுபோய் விட்டு, மதியத்தில் அனுமதி கேட்டு வந்து கூட்டிப்போனேன். மேலாளரின் முகம் மாற ஆரம்பித்தது.

அப்படி ஒரு காலையில் வேன் எங்கள் வாசலில் வந்து நின்றது. செய்தி எதுவும் வரவில்லை. அக்கா சன்னலை இறக்கினார்.

"சந்தேகமாத்தான் இருக்கும். இருக்கணும். மதியம் ஸ்கூலுக்கு வந்து வண்டில ஏறி ஒக்காந்து பாருங்க. பாத்துட்டு வேணாம்னா வேணாம்."

அன்று மதியம் பள்ளி வாசலில் வேனில் ஏறினேன். கடைசி இருக்கையில் எனக்கு இடம் கொடுத்தார்கள். முழங்கால் முன்னிருக்கையில் இடித்தது. திரை இருட்டாக இருந்தது. ஒரு பையன், "ஆண்டி, ரேடியோ!" என்றான்.

"மொதல்ல பேரு. அப்பறம்தான் பாட்டு."

"முனி கோயில்ல வாசிக்கலாம் ஆண்டி!"

"முனி ஒரு தடவ காப்பாத்திக் குடுத்தாரு. தெனமும் அவருக்கு அதான் வேலையா?"

அக்கா இருக்கையில் முழுதாகத் திரும்பி எங்களைப் பார்த்து உட்கார்ந்தார். முன்பெல்லாம் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டேதான் வாசிப்பார் என்று யாழினி என் காதில் சொன்னாள். இப்போது ஒவ்வொரு முகமாகப் பார்த்து வாசித்தார். குரலில் பழைய விளையாட்டு இல்லை. ஆனால் செய்தித் தமிழ் மாறவில்லை.

"கவின் இப்போது இந்த வேனில் வருவதில்லை" என்றார். விட்டுவிட்டுப் போயிருக்கலாம். நின்றுபோன பிள்ளைகளின் பெயர்களையும் அவர் அப்படியே வாசித்தார். வேனுக்குள் யாரும் சிரிக்கவில்லை. "திவ்யா ஏறிவிட்டார்." "இருக்கேன்." "யாழினி ஏறிவிட்டார்." "இருக்கேன்!" என்று என் மகள் தேவைக்கு மேல் கத்தினாள்.

இனி வண்டி எடுப்பார் என்று நினைத்து என் கைப்பையை மடியில் சரிசெய்துகொண்டேன். அவர் இன்னும் திரும்பவில்லை. கடைசி இருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாழினியின் அம்மா."

பிள்ளைகள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கணவரிடம் என்ன சொல்வது என்று நான் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. நாளைக்கு எத்தனை மணிக்கு வாசலில் நிற்க வேண்டும் என்பது மட்டும் எப்படியோ மனத்தில் ஓட ஆரம்பித்துவிட்டது.

"இருக்கேன்" என்றேன்.

அக்கா தலையாட்டினார். முன்னால் திரும்பி, வாரை இழுத்து மாட்டினார்.

"ஓட்டுநரும் ஏறிவிட்டார்" என்றார். பிறகு கையை நீட்டி வானொலியைப் போட்டார்.